கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்!

படம் நல்ல படம். தட்டும் புதிய தட்டு. ஆனால் வீட்டு டெலிவிஷனில் போட்டால் நள்ளிரவு வானம் சாம்பல் பூசியது போலத் தெரிகிறது.

வேறு சில தட்டுகளில் இதற்கு நேர் எதிர். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தலைமுடி, பின்னால் இருக்கும் சுவர் எல்லாம் ஒன்றாகி, மை கொட்டிய இடம் போல் ஆகிவிடுகின்றன.

காரணம் என்ன?

எண் செய்யும் குழப்பம்

டி.வி.டி., புளூ-ரே தட்டுகளில் படம் எண்களாகப் பதிந்திருக்கிறது. முழுக் கறுப்புக்கு எண் 16. முழு வெள்ளைக்கு எண் 235. கம்ப்யூட்டரின் கணக்கு வேறு. அதில் கறுப்பு 0, வெள்ளை 255.

தட்டை ஓட்டும் கருவி 16-ஐக் கறுப்பு என்று அனுப்புகிறது. டெலிவிஷனோ 0-தான் கறுப்பு என்று நினைக்கிறது. உடனே கறுப்பு வெளுத்துவிடுகிறது! குழப்பம் மறுபக்கமாக நடந்தால், மெல்லிய நிழல்கள் எல்லாம் இருட்டுக்குள் மூழ்கிவிடுகின்றன.

இது பழைய தொல்லைதான். அமெரிக்காவின் அந்தக் கால டெலிவிஷனில், வெள்ளை 100 என்றால் கறுப்பு 7.5. ஜப்பானிலோ கறுப்பு 0.

கண் தெரியாத காட்பாதர்

இருட்டுத்தானே, கொஞ்சம் வெளுத்தால் என்ன என்று கேட்கலாம்.

1972-ல் அமெரிக்காவில் வெளிவந்த "காட்பாதர்" படத்தைப் பாருங்கள். மகளுக்குத் திருமணம். தோட்டத்தில் பளீரென்று வெயில், ஆட்டம், பாட்டம். வீட்டுக்குள்ளே இருண்ட அறை. அங்கே பழி வாங்கும் பேச்சு நடக்கிறது.

ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ், விளக்குகளைத் தலைக்கு மேலே வைத்தார். மார்லன் பிராண்டோவின் கண்கள் நிழலில் மறைந்தன. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால்தான் பயம் வருகிறது!

கறுப்பு வெளுத்தால் அந்தப் பயம் போய்விடும். அளவுக்கு மீறிக் கறுத்தால் அறையே காணாமல் போய்விடும்.

2008-ல் ராபர்ட் ஹாரிஸ் அந்தப் படத்தைப் பழுது பார்த்தார். வில்லிசின் ஆலோசனையும் கேட்கப்பட்டது. அதன் பிறகே புதிய தட்டுகள் வந்தன. அதுதான் சரியான முறை. படம் எடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். வில்லிஸ் 2014-ல் காலமானார்.

"காசு கொடுத்து வாங்கினோம், ஒன்றும் தெரியவில்லையே!" என்று சிலர் குறைப்படுவது உண்டு. அதற்காகத் தட்டு தயாரிப்பவர்கள் இருட்டை வெளுக்க வைப்பது தவறு. வெளிச்சம் வேண்டும் என்றால் வீட்டில் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் தட்டிலேயே அழிந்துபோன நிழலை எந்தத் திருகைத் திருகினாலும் மீட்க முடியாது.

குற்றம் யாருடையது?

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அகலமான படங்களில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது அல்லவா? இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

பட்டையும் சாம்பலாக இருந்தால், தட்டைக் குறை சொல்ல வேண்டாம். கருவியையும் டெலிவிஷனையும் ஒரே கணக்கில் வையுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் "பிரைட்னஸ்" என்பதுதான் கறுப்பின் அளவை மாற்றும். "கான்ட்ராஸ்ட்" வெள்ளையை மாற்றும். எல்.சி.டி. திரையில் ஓரளவு சாம்பல் எப்போதும் இருக்கும்.

பட்டை நல்ல கறுப்பாக இருந்து, எந்த இரவுக் காட்சியிலும் கறுப்பே இல்லாமல் படம் மட்டும் வெளுத்திருந்தால், சந்தேகம் தட்டின் மேல் விழ வேண்டும்.

வெளிச்சத்தைப் போலவே இருட்டும் கலைஞன் தீட்டியதுதான். அதை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை!