மகள் படித்த மொழி வீணாகுமா?



பெரகலயிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். சந்தியருகே சிறு கடை வைத்திருக்கும் குடும்பம். உயர்தரப் பரீட்சை எழுதிய மூத்த மகள், பண்டாரவளைக்குப் பஸ்ஸில் போய் வந்து பைதன் என்னும் கணனி மொழியைப் படித்திருக்கிறாள். இப்போது வேலை விசாரித்தால், "எங்கள் சேர்வரில் ஜாவாதான்" என்கிறார்களாம். "காப்பை அடகு வைத்துக் கட்டிய பணம். பிழையான மொழியைப் படிப்பித்துவிட்டேனா?" என்று கேட்கிறார். மகள் சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம்.

சகோதரி, முதலில் பிள்ளைக்குச் சோறு போட்டுக் கொடுங்கள். பிறகு இருவருமாக இதை வாசியுங்கள்.

வெப் சேர்வர் என்பது கேட்பவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு. எழுதி வைத்த பக்கத்தை நீட்டுவது எளிது. ஆனால் சுட்டெண்ணைக் கொடுத்துப் பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்டால், பதில் அந்த நொடியில் தயாராக வேண்டும். அதைத் தயாரிக்கும் கட்டளைகளை ஸ்கிரிப்ட் மொழியில் எழுதுகிறார்கள். சேர்வருக்கு அந்த மொழி தெரியாது. தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளரை அது துணைக்கு வைத்துக் கொள்கிறது.

உங்கள் சந்திக் கடைகளையே பாருங்கள். ஹல்துமுல்ல பக்கமிருந்து ஏறி வரும் பஸ் நிற்கிறது. அப்புத்தளைக்குப் போகிறவரும் வெல்லவாயவுக்குப் போகிறவரும் இறங்கித் தேநீர் கேட்கிறார்கள். கடைக்கார நானா தமிழிலும் சிங்களத்திலும் சமாளிப்பார். வெளிநாட்டுப் பயணி வந்துவிட்டால் ஆங்கிலம் படிக்கும் மகனை வீட்டிலிருந்து கூப்பிடுவார். 1993இல் வந்த சிஜிஐ முறை இப்படித்தான்: ஒவ்வொரு கேள்விக்கும் ஆளைப் புதிதாக அழைப்பது. கூட்டம் கூடினால் தாமதம். 1995இல் அப்பாச்சி சேர்வர் வந்தது. அடுத்த ஆண்டே பேர்ள் என்ற மொழியின் மொழிபெயர்ப்பாளரை அதற்குள்ளேயே உட்கார்த்தி விட்டார்கள். மகனுக்குக் கடையிலேயே ஒரு கதிரை போட்டதுபோல!

ஜாவா சேர்வர்களில் கதை வேறு. அவற்றின் ஜேஎஸ்பி பக்கங்களை ஜாவாவில்தான் எழுத வேண்டியிருந்தது. இதற்கு வழி திறந்தவர் யார் தெரியுமா? நம் நாட்டவரான சஞ்சீவ வீரவரண. 1999இல் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வுகூடத்தில் இருந்தபோது, பிஎஸ்எஃப் என்ற இணைப்பை ஆரம்பித்தார். அதில் ஒரு பட்டியல் இருக்கும்: எந்த மொழிக்கு எந்த மொழிபெயர்ப்பாளர் என்று. சேர்வரிடம் இருக்கும் விபரங்களைப் பெயரிட்டு அவரிடம் கையளிக்கும். புது மொழி வேண்டுமா? சேர்வரை உடைத்துக் கட்ட வேண்டாம். பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்த்தால் போதும். ஜாவாஸ்கிரிப்டும் பைதனும் இவ்வாறு ஜாவாவின் வீட்டுக்குள் வந்தன. 2002இல் அது அப்பாச்சி அமைப்பிடம் சேர்ந்தது. 2006இல் வெளியான ஜாவா 6, இதே வசதியைத் தனக்குள்ளேயே கொண்டு வந்தது. அவர் 2005இல் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். கொழும்பில் நம் பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

அப்படியானால் மகள் நாளைக்கே அந்த அலுவலகத்தில் பைதன் எழுதலாமா? அவசரப்படாதீர்கள். ஜாவாவுக்குள் ஓடும் பைதனுக்கு ஜைதன் என்று பெயர். அது பழைய பைதன் 2 வகையைச் சேர்ந்தது. மகள் படித்தது பைதன் 3ஆகத்தான் இருக்கும். அத்துடன், சேர்க்கும் ஒவ்வொரு மொழியும் பூட்டிப் பாதுகாக்க வேண்டிய இன்னொரு கதவு. அதற்கு ஆள் இல்லாத அலுவலகம் வேண்டாம் என்பதில் நியாயமும் உண்டு. இன்று பெரும்பாலும் ஒரே சேர்வருக்குள் எல்லாவற்றையும் திணிப்பதில்லை. பைதன் வேலையைத் தனியாக ஓட விட்டு, முன்னால் இருக்கும் சேர்வர் கேள்விகளை அதனிடம் அனுப்பி வைக்கும். ஆகவே "உங்கள் சேர்வரில் என்ன மொழி?" என்பதோடு மகள் நிற்க வேண்டாம். "அதன் பின்னால் வேறு என்ன ஓடுகிறது?" என்றும் கேட்கட்டும்.

ஜாவாவையே படிக்க நேர்ந்தாலும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நிபந்தனை, திரும்பச் செய்தல், தரவுத்தளத்தில் தேடுதல் எல்லாம் அவளுக்குத் தெரியும். எழுதும் முறைதான் மாறும். சமையல் தெரிந்தவள் புது அடுப்புக்குப் பழகுவது மாதிரி.

உங்கள் கடையில் கடன் கொப்பி இருக்குமல்லவா? பெயரைத் தட்டினால் பாக்கியைக் காட்டும் ஒரு பக்கத்தை மகளே பைதனில் செய்யட்டும். கடன்காரர் பெயர்களை மாத்திரம் மாற்றிவிட்டு, அடுத்த நேர்முகப் பரீட்சைக்கு அதைக் கொண்டு போகச் சொல்லுங்கள்.