எல்லைத் தமிழர் வாக்கு: மொழியா, வாழ்வாதாரமா?

கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு எல்லைப் பகுதிகளில் தேர்தல் என்றால் எல்லாக் கட்சிகளும் தமிழில் வாக்குக் கேட்கின்றன. ஆனால், அங்குள்ள தமிழர்களின் மனத்தை மாற்றுவது மொழி மட்டுமல்ல.

இடுக்கி மாவட்டம் தேவிகுளத்தில் 2016-ல் மார்க்சிஸ்ட் வேட்பாளர் எஸ். ராஜேந்திரன், காங்கிரஸின் ஏ.கே. மணியை 6 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் வென்றார். அதிமுக 11 ஆயிரத்துக்கும் மேல் பெற்றது. போட்டியிடும் முக்கிய வேட்பாளர்கள் தமிழர்களாகவே இருக்கையில், மொழி யாருக்கும் தனி பலமாவதில்லை.

அங்கு கூலியும் வீடும்தான் பிரச்னை. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கோரிய மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், கட்சி சார்ந்த தொழிற்சங்கங்களை ஒதுக்கிவைத்துப் போராடினர். அவர்களது 'பொம்பிளை ஒருமை' அமைப்பு, அதே ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களையும் கைப்பற்றியது. பணி ஓய்வு பெற்றால் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்களுக்குச் சொந்த மனையே பெரிய வாக்குறுதி.

பாலக்காடு மாவட்டம் சித்தூரில் தண்ணீரே பிரச்னை. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் அங்கு வர வேண்டும். அது குறைந்தால், தமிழ் விவசாயியும் கேரளத்தின் பக்கமே நின்று தமிழகத்திடம் நீர் கேட்கிறார்.

நம்பிய கட்சி தம் கோரிக்கையைக் கைவிட்டதாக உணரும்போதுதான் இந்த வாக்காளர்கள் மாற்றுக் கட்சியின் பேச்சுக்குச் செவிசாய்க்கின்றனர்.