முன்பணம் என்னும் பூட்டு



‘ஆள் கடத்தல்’ என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சினிமாவில் பார்ப்பதுபோல ஒரு வேன் வந்து நிற்கும். முகத்தை மூடிய இரண்டு பேர் இறங்கி, ஒரு பையனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்து விடுவார்கள். அப்படித்தானே?

ஆனால், நம் பகுதியிலேயே நடந்த உண்மைச் சம்பவம் ஒன்றில் வேனும் இல்லை, முகமூடியும் இல்லை. அதை இன்று தெரிந்துகொள்வோம்.

2019 ஜூலை மாதம். காஞ்சிபுரம் மாவட்டம் கோனேரிகுப்பத்திலும், நெமிலி வட்டம் பருவமேட்டிலும் மரம் வெட்டும் இடங்களுக்கு வருவாய்த் துறை அதிகாரிகள் சென்றார்கள். நெமிலி வட்டம் அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. நம் காவேரிப்பாக்கத்துக்கு அது அடுத்த வீடு மாதிரி. அந்த இரண்டு இடங்களிலும் 13 குடும்பங்களைச் சேர்ந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். எல்லாரும் இருளர் பழங்குடி மக்கள். அவர்களில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு முதியவர், மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்டார். அந்தப் படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தவர்கள் கலங்கிப் போனார்கள்.

யாரும் அவர்களைச் சங்கிலியால் கட்டி வைக்கவில்லை. பிறகு ஏன் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள்?

பூட்டு எது?

மருத்துவச் செலவு, கல்யாணச் செலவு என்று ஏழைக் குடும்பத்துக்குத் திடீரென்று பணம் தேவைப்படும். அப்போது ஒருவர் வந்து, “இந்தா, முன்பணம். வேலை செய்து கழித்துக்கொள்” என்பார். அது சில ஆயிரம் ரூபாயாக இருக்கும். அதுதான் பூட்டு!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் 6,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் நாளுக்கு 300 ரூபாய் வீதம் நியாயமான கூலி. இரண்டு பேருக்கும் சேர்த்து 600 ரூபாய். அதில் பாதியைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டாலும், 20 நாளில் கடன் தீர்ந்துவிட வேண்டும். தீராது! ஏனென்றால் கையில் கிடைப்பது அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும்தான். கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களால் அதைச் சரிபார்க்க முடியாது. வட்டி ஏறும். பெற்றோரால் முடியாதபோது பிள்ளைகளும் விறகு தூக்கப் போவார்கள். பள்ளிக்கூடம் நின்றுபோகும். இதற்குத்தான் ‘கொத்தடிமை முறை’ என்று பெயர்.

வேலை வேறு, அடிமை வேலை வேறு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்கு எத்தனையோ அக்காக்கள் தினமும் பஸ் ஏறிப் போகிறார்கள். காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வருகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம். பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்குப் போகலாம். கஷ்டமான வேலையாக இருக்கலாம்; ஆனால் அது அடிமை வேலை இல்லை.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று கேள்விகள் கேளுங்கள். நியாயமான கூலி கைக்கு வருகிறதா? நினைத்த இடத்துக்குப் போய்வர முடிகிறதா? வேறு வேலைக்கு மாற முடிகிறதா? வாங்கிய முன்பணத்தைக் காட்டி இவற்றில் ஒன்றைப் பறித்தாலும் அது கொத்தடிமைதான்.

இதைத் தடுக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. அது சொல்லும் ஒரு விஷயம் உங்களுக்கு வியப்பாக இருக்கும். கொத்தடிமையாக வைக்கக் கொடுத்த கடன் செல்லாது! அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதே இல்லை. இது தெரியாததால்தான் பலர் பயந்துகொண்டே உழைக்கிறார்கள். நம் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவும் ஆள் கடத்தலையும் கட்டாய வேலையையும் தடை செய்கிறது. அப்படியென்றால் அந்த முதியவருக்குக் கிடைத்த விடுதலை, யாரோ போட்ட பிச்சை இல்லை, அவருடைய உரிமை. அவர் யார் காலிலும் விழ வேண்டியதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 18 வயது நிரம்பாதவரைச் சுரண்டுவதற்காகக் கூட்டிப்போனால், “அவனே சம்மதித்துத்தான் வந்தான்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2000-ஆம் ஆண்டு ஐ.நா. சபையில் உருவான உடன்பாடும் இதையே சொல்கிறது.

மீட்டால் மட்டும் போதுமா?

போதாது. கையில் காசு இல்லாமல் வெளியே வந்தால், அடுத்த மாதமே இன்னொருவரிடம் முன்பணம் வாங்க வேண்டியிருக்கும். அதனால்தான் மீட்கப்பட்டவருக்கு அரசு விடுதலைச் சான்றிதழ் தருகிறது. பழைய கடன் இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். 2016-ஆம் ஆண்டுத் திட்டப்படி, மொத்த உதவி ஆளுக்கு ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் பெரிய தொகை, குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான் வரும். வழக்கு இழுத்துக்கொண்டே போனால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? வீட்டுமனை, ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாம் உடனே கிடைத்தால்தான் அவர்கள் மறுபடி சிக்காமல் இருப்பார்கள். இதைப் பெரியவர்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2022-ல் திருவள்ளூர் மாவட்டத்தில், மீட்கப்பட்டவர்களே நடத்தும் செங்கல் சூளை ஒன்றை மாவட்ட நிர்வாகம் அமைத்துக் கொடுத்தது. அதன் பெயர் ‘சிறகு’. பிறருக்கு அடிமையாகக் கல் அறுத்த கைகள், சொந்தச் சூளையில் கல் அறுக்கின்றன. எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்!

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு வாரமாக வரவில்லை என்றால், “லீவு போட்டிருப்பான்” என்று விட்டுவிடாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். வெளியூர் வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டால், அதையும் சொல்லுங்கள்.

“நல்ல சம்பளம், செல்போன் வாங்கித் தருகிறேன், வீட்டில் சொல்லாதே” என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். அப்படிச் சொல்பவர் தெரிந்தவராகவும் இருக்கலாம், உறவினராகவும் இருக்கலாம். ‘வீட்டில் சொல்லாதே’ என்று சொல்வதை முதலில் வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

1098 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இது குழந்தைகளுக்கான உதவி எண். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். நீங்களே போய்த் துப்பறிய வேண்டாம், அது ஆபத்து. தகவல் சொன்னால் போதும், மற்றதை அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. மீட்கப்பட்ட பிள்ளை உங்கள் வகுப்பில் வந்து சேரலாம். வயதில் பெரியவனாக இருப்பான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். சிரிக்காதீர்கள். “எங்கே இருந்தாய், என்ன நடந்தது?” என்று துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவனே சொல்வான். உங்கள் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்து, நோட்டை அவன் பக்கம் நகர்த்தி வையுங்கள். அதிகாரிகள் கொடுக்கும் சான்றிதழ் முதலாளியிடமிருந்து விடுதலை வாங்கித் தரும். ‘இது என் பள்ளிக்கூடம்’ என்ற தைரியத்தை நீங்கள்தான் தர வேண்டும்.

செய்வீர்கள்தானே?