இல்லாதவன் நாவை அடைத்தது யார்?

கோவலன் இறந்தது ஊழால் என்று கூறி ஏட்டை மூடிவிடுவார் நம்மிடையே மிகப் பலர். இளங்கோவடிகள் ஊழைப் பாடினார் என்பது மெய்யே. ஆயினும் சிலப்பதிகாரப் பதிகம் மூன்று உண்மைகளை வரிசைப்படுத்துங்கால், அரசியல் பிழைத்தார்க்கு அறமே கூற்றாகும் என்பதையன்றோ முதற்கண் வைத்தது! முதலதை விட்டுக் கடையதைப் பற்றிக்கொள்வது என்ன முறை?

கோவலன் உள்ளத்தை நோக்குக. புகார்ப் பெருவணிகன் மாசாத்துவானின் மகன் அவன். மாதவியைப் பிரிந்து வந்து கண்ணகியின் வாடிய மேனியைக் கண்டவுடன், முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்ததால் வந்த வறுமை தனக்கு நாணம் தருவதாகக் கூறுகின்றான். தந்தையும் செல்வர், மாமன் மாநாய்கனும் செல்வர். எனினும் அவர்முன் சென்று நிற்க அவனால் இயலவில்லை. சிலம்பையே முதலாகக் கொண்டு, எவரும் அறியாமல் வைகறை இருளில் ஊரைவிட்டுப் புறப்படுகின்றான். அவனை மதுரைக்கு விரட்டியது பசியன்று, நாணமே.

அங்கு நிகழ்ந்தது என்ன? பொற்கொல்லன் கள்வன் என்று காட்டுகின்றான். வந்த காவலர் கோவலனின் தோற்றம் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று ஐயுறவும் செய்கின்றனர். பொற்கொல்லன் களவுநூல் பேசி அவர் ஐயத்தை அடக்குகின்றான். அவ்விடத்தில் கோவலன் வாயிலிருந்து ஒரு சொல்லேனும் எழுந்ததாக அடிகள் பாடவில்லை. அவனை வினவுவாரும் இல்லை. நல்ல பொருளையே நன்குணர்ந்து கூறினும் வறியவன் சொல் எடுபடாது என்று நல்குரவு அதிகாரத்தில் வள்ளுவர் கூறியது ஈண்டு நினையத் தகும். தன் கையால் தொலைத்தவன்தானே அவன் என்பார் உளர். தொலைத்ததற்கு ஒறுப்புக் கொலையா?

ஊழையே பேசுவார் மறந்த ஊர் ஒன்றுண்டு. அது தங்கால், இன்றைய திருத்தங்கல். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கோவலனின் பழம்பிறப்பைக் கூறுமுன், இவ்வூர் நிகழ்ச்சியையே கண்ணகிக்குக் கூறுகின்றது. சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன், தங்கால் மன்றத்தில் தன்னோடு பிழையின்றி மறையோதிய சிறுவனுக்கு அணிகலன்களை வழங்கிச் சென்றான். அவற்றை அக்குடும்பத்தார் அணியக் கண்டு பொறாத அரசுப் பணியாளர், புதையலைக் கவர்ந்தான் என்று சிறுவனின் தந்தை வார்த்திகனைச் சிறையிலிட்டனர். மனைவி கார்த்திகை நிலத்தில் புரண்டு அழுதாள். ஐயை கோயிற் கதவம் மூடிக்கொண்டது. மன்னன் வினவினான், உண்மை அறிந்தான், வார்த்திகனிடம் பொறுத்தருள வேண்டினான், தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்தான்.

இருவர்மீதும் சுமத்தப்பட்ட பழி ஒன்றே: உன் கையில் இப்பொருள் எப்படி வந்தது? தங்கால் வார்த்திகன் வழக்கில் அரசன் வினவினான். ஓர் உயிர் பிழைத்தது. கோவலன் வழக்கில் வினவவில்லை, ஓர் உயிர் போயிற்று. இதில் ஊழுக்கு என்ன வேலை?

2021ஆம் ஆண்டு சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த அதே திருத்தங்கல் இன்று தீப்பெட்டிக்கும் வெடிக்கும் பெயர்பெற்ற நிலப்பகுதி. ஆலையில் வெடி வெடித்தால் தொழிலாளியின் கவனக்குறைவு என்ற சொல் முந்திக்கொண்டு எழுகின்றது. முன்பணம் பெற்றவன் கூலிக்குறைவைக் கேட்க நாணுகின்றான். பிள்ளையை வேலைக்கு அனுப்பிய தாயை நெஞ்சற்றவள் என்று நெடுநாள் பழித்தனர். 1996ஆம் ஆண்டு, எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பழியின் வேரை வறுமையில் கண்டது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 உருபா செலுத்தவும், குழந்தைக்கு மாற்றாகக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர்க்கு வேலை தர முயலவும் பணித்தது. பழிப்பதை விடுத்து வினவியதன் பயன் அது.

வறியவன் வாய்திறவாமை குற்றத்தின் சான்றும் அன்று. ஊழின் முத்திரையும் அன்று. நாணம் பூட்டிய நாவு அது. நிறைந்த கூலியும், கடனில்லாக் குடியும், கேட்கும் செவியுமே அப்பூட்டின் திறவுகோல்கள். சிலம்பை மேடையில் புகழ்வோர் ஒன்றை நெஞ்சில் பொறித்துக்கொள்க: ஐயை கோயிற் கதவம் திறந்தது, அரசன் தன் பிழையை உணர்ந்த பின்னரே!