ஆபரேட்டரின் சம்பளம் எந்தக் கணக்கில்?

கலை அருங்காட்சியகத்தில் ஓவியத்தைச் செப்பனிடுபவரின் ஊதியம் பாதுகாப்புச் செலவில் சேரும். அதே கட்டடத்தில் படம் ஓட்டுபவரின் கூலியையோ நாட்டியம் ஆடியவரின் சன்மானத்தையோ நிகழ்ச்சிச் செலவில் எழுதுவார்கள். நிதி குறைந்தால் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான். மாலை ஐந்து மணிக்குமேல் நடப்பவை கூட்டம் சேர்ப்பதற்கான வேலைகள் என்ற எண்ணம் நம் துறையில் இன்னும் போகவில்லை. திரையிடலும் நிகழ்த்துதலும் பாதுகாப்புப் பணியே என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1929இல் தொடங்கியது. 1935இல் அது ஒரு திரைப்பட நூலகத்தை அமைத்து, ஐரிஸ் பேரியை அதன் காப்பாளராக்கியது. பேசும்படம் வந்தபின் ஊமைப்படச் சுருள்களுக்கு வணிக மதிப்பு போய்விட்டது. அவற்றிலிருந்த வெள்ளிக்காக அழிக்கப்பட்டவையும் ஏராளம். பேரி ஹாலிவுட்டுக்குப் போய்ப் பிரதிகளைக் கேட்டு வாங்கினார். அவற்றைப் பூட்டி வைப்பதோடு அவர் நின்றிருந்தால், இன்று பெயர் தெரிந்த ஒரு கிடங்குக்காரராக மட்டும் இருந்திருப்பார். குறிப்புரைகளோடு படத்தொகுப்புகளைக் கல்லூரிகளுக்கும் பிற அருங்காட்சியகங்களுக்கும் அனுப்பினார். 1939இல் 53ஆம் தெருவில் எழுந்த புதிய கட்டடத்தில் ஒரு திரையரங்கும் வந்தது. பழைய படங்களைப் பார்த்து அரங்கில் சிரிப்பும் கூச்சலும் கிளம்பும். அதனால் பேரியின் இருக்கையிலிருந்து ஆபரேட்டர் அறைக்கு ஒரு தொலைபேசி இருந்தது. அமளி அடங்காவிட்டால் படம் நிறுத்தப்படும் என்ற எச்சரிக்கையும் திரையில் விழும். ஓவியத்தின் முன் பார்வையாளர் எப்படி நிற்க வேண்டுமோ, படத்தின் முன் அப்படி உட்கார வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதையும் அவர் தம் வேலையாகவே கருதினார்.

அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவரைப் பற்றித்தான் நாம் பேசுவதில்லை. 35 மில்லிமீட்டர் படத்தின் 2000 அடி ரீல், நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் சுமார் 22 நிமிடம் ஓடும். முழுநீளப் படம் என்றால் இரண்டு புரொஜெக்டர்கள் வேண்டும். திரையின் வலது மேல்மூலையில் புள்ளி தெரிந்ததும் அடுத்த எந்திரத்துக்கு மாற வேண்டும். எல்லா ரீல்களையும் வெட்டி ஒட்டி ஒரே தட்டில் ஓட்டுவது வணிக அரங்கின் வசதி. ஆவணக் காப்பகப் பிரதியில் அப்படிக் கத்தரி வைக்க எந்தக் காப்பாளரும் சம்மதிக்க மாட்டார். ஊமைப்படமானால் வேகமே ஒரு கேள்வி. நொடிக்கு 18 சட்டகத்தில் எடுத்ததை 24இல் ஓட்டினால் துக்கக் காட்சியும் கோமாளிக் கூத்தாகிவிடும். சரியான வேகத்தைச் சுருள் சொல்லாது. பார்த்துப் பழகிய கண்தான் சொல்லும். அதே அருங்காட்சியகம் 1996இல் பென்சில்வேனியாவின் ஹாம்லினில் படச்சுருள்களுக்கென்றே ஒரு பாதுகாப்பு மையத்தைத் திறந்தது. குளிரூட்டிய அறையில் சுருள் பல தலைமுறை இருக்கும். அதை ஓட்டத் தெரிந்தவர் இருப்பாரா?

நிகழ்த்துகலையில் இந்தச் சிக்கல் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. டினோ சேகலின் ‘முத்தம்’ என்ற படைப்பை அந்த அருங்காட்சியகம் 2008இல் வாங்கியபோது எழுத்தில் ஒப்பந்தமே இல்லை. எல்லாம் வாய்மொழி. கோப்பு இல்லாமல் அலுவலகம் நடத்தத் தெரியாத நமக்கு இது கெட்ட கனவு. அடுத்து, 1960-61இல் சிமோன் ஃபோர்ட்டி உருவாக்கிய நடனக் கட்டுமானங்கள் 2015இல் சேகரிப்பில் சேர்ந்தன. அவற்றில் ஒன்றுக்குத் தேவை சாய்த்து நிறுத்திய ஒரு பலகையும் சில கயிறுகளும்தான். தச்சரிடம் சொன்னால் முடிந்தது. இன்னொன்றில் ஆட்கள் நெருக்கமாகக் குனிந்து ஒட்டி நிற்க, அவர்களில் ஒருவர் பிரிந்து மற்றவர்கள்மேல் ஏறி மறுபுறம் இறங்குவார். அந்தப் பாரத்தை எப்படித் தாங்குவது என்பதைக் குறிப்பும் வரைபடமும் ஒளிப்பதிவும் ஓரளவுக்குத்தான் சொல்லும். ஆடியவர் ஆடப்போகிறவருக்கு நேரில் சொல்லித்தர வேண்டும். நட்டுவனார் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் பதிவேட்டின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று காப்பாளர்தான் திணறுகிறார்.

லண்டன் டேட் மாடர்ன் 2012இல் பழைய மின்நிலையத்தின் எண்ணெய்த் தொட்டிகளை நிகழ்த்துகலை போன்றவற்றுக்கென்றே திறந்தது. இடம் ஒதுக்குவது நல்ல தொடக்கம். ஆனாலும் கான்கிரீட் தரையில் நாளெல்லாம் ஆடுபவரின் முழங்காலையும் ஓவியத்தின் ஈரப்பதத்தைக் கவனிப்பதுபோல் கவனித்தாக வேண்டும்.

சென்னை எழும்பூரில், அரசு அருங்காட்சியக வளாகத்துக்குள்ளேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மியூசியம் தியேட்டர் நிற்கிறது. அங்கே எத்தனையோ நாடகங்கள் மேடையேறியிருக்கின்றன. பக்கத்துக் கூடங்களின் வெண்கலச் சிலைகளுக்குப் பதிவேடு வைப்பதுபோல் அந்த மேடையில் நடந்தவற்றுக்கும் வைப்பது பற்றி நம் துறை யோசித்திருக்க வேண்டும்.

மூன்று காரியங்களைக் கேட்கிறோம். திரையிடும் ஒவ்வொரு பிரதிக்கும் அளவு, வேகம், திரை விகிதம், ரீல் எண்ணிக்கை, ஒட்டுகளின் நிலை ஆகியவற்றைக் குறித்த அட்டை வேண்டும். அதில் ஓட்டியவரின் பெயரும் இருக்கட்டும். நிகழ்த்திய ஒவ்வொரு படைப்புக்கும் யார் யாருக்குச் சொல்லித்தந்தார் என்ற வரிசையை எழுதி வையுங்கள். ஒத்திகை நாள்களுக்கும் ஊதியம் கொடுங்கள். அடுத்த நிதியாண்டுக்கான மதிப்பீடுகள் தயாராகும் நேரம் இது. ஆபரேட்டரின் பணியிடத்தைப் பாதுகாப்புப் பிரிவின் தலைப்புக்கு மாற்ற ஒரு குறிப்பாணை போதும்.