கேட்டவருக்கு மட்டும் திருத்தினால் அது திருத்தமா?

கொஞ்சம் நீளமான பதிவு. அமெரிக்காவில் சொந்த வீடு வைத்திருக்கும் நம் பிள்ளைகளும், அவர்களோடு வந்து தங்கியிருக்கும் என்னைப் போன்ற பெற்றோரும் பொறுமையாகக் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன். டெக்சாஸ்காரர்கள் இன்றே படியுங்கள். மே 15-க்கு அதிக நாள் இல்லை.

என் மகளும் மருமகனும் டெக்சாஸில் வீடு வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஏப்ரலில் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஜனவரி 1-ஆம் தேதி நிலவரப்படி வீட்டின் மதிப்பு 4 லட்சத்து 98 ஆயிரம் டாலராம். இந்தத் தொகையை வைத்துத்தான் பள்ளி, நகரம், கவுண்டி எல்லாம் வரி போடும். எங்கள் ஊரில் எல்லாம் சேர்த்து 100 டாலருக்கு ஏறக்குறைய 2 டாலர்.

மகள் அதைப் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிட்டாள். "எல்லாருக்கும் இப்படித்தாம்மா வரும். ஏஜென்ட்கிட்ட குடுத்தா அவங்க பாத்துப்பாங்க. குறையுறதுல ஒரு பங்கு எடுத்துப்பாங்க, அவ்வளவுதான்" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவள் நான். கூட்டல் சரியா என்று பார்க்காமல் ஒரு தாளைக் கீழே வைக்க எனக்கு வராது. பேரனிடம் சொல்லி அலுவலகத்தின் இணையதளத்தைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே ஒரு பக்கம் இருக்கிறது. எந்த வருஷம் கட்டியது, கீழ்த்தளம் எத்தனை சதுர அடி, மேல்மாடி எத்தனை, எல்லாம் போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கீழ்த்தளமும் மேல்மாடியும் ஏறக்குறைய ஒரே அளவு என்று இருந்ததும் எனக்கு இடித்தது. எங்கள் வீட்டுக் கூடத்துக்கு மேலே மாடியே கிடையாது. கூரை வரைக்கும் வெறும் வெளி. கீழே சோபாவில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் மேலே தொங்கும் விளக்குதான் தெரியும்.

இன்ச் டேப் எடுத்து நானும் பேரனும் அளந்தோம். அந்த வெற்று வெளி 210 சதுர அடி. அதையும் அறையாகக் கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். காற்றுக்கு வரி!

ஆட்சேபணை மனு போட்டோம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. முதலில் அலுவலகத்து மதிப்பீட்டாளர் போனில் பேசினார். 6 ஆயிரம் டாலர் குறைப்பதாகச் சொன்னார். சதுர அடியைப் பற்றிக் கேட்டால், பதிவில் உள்ளபடிதான் என்றார். நாங்கள் சம்மதிக்கவில்லை. அடுத்தது மூன்று பேர் கொண்ட மறுஆய்வுக் குழு. அலுவலக ஊழியர்கள் இல்லை, உள்ளூர்க்காரர்கள். உறுதிமொழி வாங்கிக்கொண்டு கேட்டார்கள். மகள் பேசினாள். வீடு கட்டிய கம்பெனி கொடுத்த வரைபடம், நாங்கள் எடுத்த அளவு, அந்த வெற்று வெளியின் நாலு போட்டோ, இவ்வளவுதான் எங்கள் சான்று. கால் மணி நேரத்தில் முடிந்தது. மதிப்பு 4 லட்சத்து 66 ஆயிரமாக இறங்கியது. 32 ஆயிரம் டாலர் குறைந்தால் வரியில் வருஷத்துக்கு 640 டாலர்.

வெற்றிக் கதை சொல்ல இந்தப் பதிவை எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தது இந்த வருஷம்தான்.

எங்கள் தெருவில் அதே கம்பெனி, அதே வரைபடத்தில் கட்டிய வீடு இன்னும் மூன்று இருக்கிறது. இந்த ஏப்ரலில் எல்லோருக்கும் நோட்டீஸ் வந்தது. எங்கள் வீட்டுப் பக்கத்தில் சதுர அடி சரியாக இருந்தது. மற்ற மூன்றின் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். மூன்றிலும் அந்த 210 சதுர அடிக் காற்று அப்படியே இருக்கிறது! தவறு என்று குழு தீர்ப்பு சொல்லி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அலுவலகத்துக்குத் தெரியும். எந்த வரைபடம் என்றும் தெரியும். திருத்தியது கேட்டவர்களுக்கு மட்டும்.

அந்த மூன்றில் ஒன்றில் இருப்பவர் 71 வயதுப் பெண்மணி, மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். கணவர் இருந்தவரை காகிதம் எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். இப்போது நோட்டீஸ் வந்தால் டிராயரில் வைத்துவிடுகிறார். என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒன்று, அதனால் நன்றாகப் பேசிக்கொள்வோம். விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. 65 வயது தாண்டியவர்களுக்கு உண்டான கூடுதல் வரிவிலக்கையும் அவர் வாங்கவில்லை. டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரியில் உள்ள விலக்கு 2023-இல் 40 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் டாலராக ஏறியது. 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1 லட்சத்து 40 ஆயிரம் ஆனது. 65 தாண்டியவர்களுக்கு அதற்கு மேல் இன்னொரு 60 ஆயிரம். அதோடு அந்த வயதுக்காரர்களின் பள்ளி வரி ஒரு வரம்புக்கு மேல் ஏறாது. இத்தனையும் சட்டத்தில் இருக்கிறது. அவர் கேட்கவில்லை, அதனால் கிடைக்கவில்லை.

இதைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு நான் எழுதி வைத்த விடையிலேயே ஒரு பிழை. ஒரு பெண் தைரியமாக வந்து, "டீச்சர், என் விடைதான் சரி" என்றாள். பார்த்தேன், சரிதான். அவளுக்கு மார்க் போட்டு அனுப்பிவிட்டேன். விஷயம் தலைமையாசிரியை அம்மாவுக்குப் போனது. கூப்பிட்டு ஒரே வார்த்தை கேட்டார்: "மத்த பிள்ளைங்க தாள் எங்கே?" நான் முழித்தேன். "ஒருத்திக்கு மட்டும் திருத்தினா அது சலுகை டீச்சர். எல்லாத் தாளையும் எடுத்துட்டு வாங்க" என்றார். அன்று 42 தாளையும் திரும்பத் திருத்தினேன். பதினோரு பேருக்கு மார்க் ஏறியது. அந்தப் பதினோரு பேரில் வாய் திறந்து கேட்டவள் ஒருத்திதான்.

நம் ஊர்ப் பொதுத்தேர்வில் மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று பணம் கட்டி விண்ணப்பிக்கிறார்களே, அதிலும் இதே குறைதான். விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளை விண்ணப்பிக்கும். கூலி வேலைக்குப் போகிறவர் பிள்ளை வந்த மார்க்கை வாங்கிக்கொண்டு போகும்.

"ஒரு தெருவில் நடந்ததை வைத்து இவ்வளவு பேசலாமா?" என்று கேட்பீர்கள். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியைப் பாருங்கள். 2017-இல் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை ஆராய்ந்து எழுதியது. விலை குறைந்த வீடுகளுக்கு மதிப்பை ஏற்றியும், விலை உயர்ந்த வீடுகளுக்கு இறக்கியும் வைத்திருந்தார்கள். மேல்முறையீடு அந்தக் கோணலை நிமிர்த்தவில்லை, இன்னும் அதிகமாக்கியது. வக்கீல் வைத்து மனு போடுகிறவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள். அங்கே வசூலிக்க வேண்டிய மொத்தத் தொகையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதை வீட்டு மதிப்புக்கு ஏற்றபடி பங்கு பிரிக்கிறார்கள். அதனால் ஒருவருக்குக் குறைந்தது இன்னொருவர் தலையில் போய் விழும். அந்த மதிப்பீட்டு அதிகாரி ஜோசப் பெரியோஸ் 2018 மார்ச்சில் கட்சியின் முதல்நிலைத் தேர்தலிலேயே தோற்றார்.

டெட்ராய்ட் இன்னும் கொடுமை. சந்தை விலையில் பாதிக்கு மேல் மதிப்புப் போடக்கூடாது என்பது மிச்சிகன் மாநில அரசியலமைப்பு. 2008-க்குப் பிறகு வீட்டு விலை விழுந்தது, பதிவேட்டில் மதிப்பு விழவில்லை. 2010 முதல் 2016 வரை அந்த நகரத்து வீட்டுக்காரர்களிடம் குறைந்தது 60 கோடி டாலர் அதிகமாக வாங்கியிருக்கிறார்கள் என்று டெட்ராய்ட் நியூஸ் 2020-இல் கணக்குப் போட்டுக் காட்டியது. வரி கட்ட முடியாமல் வீட்டையே இழந்தவர்கள் ஏராளம். அவர்களிடமும் சொல்லியிருப்பார்கள், "மேல்முறையீடு செய்யும் உரிமை இருந்ததே" என்று.

இங்கே ஒரு நியாயமான கேள்வி உண்டு. "நீங்கள் ஆசிரியை. வீட்டு வரியில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது. அதைக் குறைக்கச் சொல்லலாமா?" என்று என் பழைய சகா ஒருவரே கேட்டார். உண்மைதான். எங்கள் வரியில் பெரிய பங்கு பள்ளிக்குத்தான் போகிறது. என் பேரன் படிப்பதும் அரசுப் பள்ளியில்தான். சரியான வரியை நான் குறை சொல்லவே மாட்டேன். இல்லாத அறைக்கு வாங்குவதைத்தான் சொல்கிறேன். பள்ளிக்கு இன்னும் பணம் வேண்டுமென்றால் வரி விகிதத்தை வெளிப்படையாக ஏற்றட்டும், எல்லோரும் கட்டுவோம். டிராயரில் நோட்டீஸை வைத்துவிடும் ஒரு பாட்டியின் அறியாமையில் பள்ளிக்கூடம் நடக்க வேண்டாம்.

இன்னொரு பதில், "அலுவலகத்தில் ஆள் குறைவு, லட்சக்கணக்கான வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க முடியுமா?" என்பது. முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தவறு நிரூபணமான பிறகு, அதே வரைபடத்து வீடுகளைக் கம்ப்யூட்டரில் தேட எத்தனை பேர் வேண்டும்? நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மதியத்தில் மூன்றைக் கண்டுபிடித்தேன். விசாரணையில் காட்டப்போகும் சான்றுகளை 14 நாள் முன்பே தருவார்கள், ஆனால் கேட்டால். வயது விலக்கு தருவார்கள், கேட்டால். தவறைத் திருத்துவார்கள், கேட்டால். எதையுமே கேட்காமல் வருவது வரி மட்டும்தான்.

நம் ஆட்களையும் நான் விடப்போவதில்லை. வாட்ஸ்அப் குழுவில், "எனக்கு 30 ஆயிரம் குறைச்சுட்டாங்க" என்று போடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னோமா? ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அவர் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு மொத்தமாக மனு போடுகிறவர். உங்கள் கூடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவர் வந்து அண்ணாந்து பார்க்கப்போவதில்லை. சிலருக்கு வேறு பயம். "நாம வெளிநாட்டுக்காரங்க, அரசாங்கத்தோட எதுக்கு வம்பு, விசா பிரச்சினை வந்தா?" என்கிறார்கள். மனு போட்டால் இன்னும் ஏற்றிவிடுவார்கள் என்கிறார்கள். டெக்சாஸ் சட்டப்படி, நீங்களே கேட்டாலொழிய, குழு நோட்டீஸில் உள்ள மதிப்புக்கு மேலே ஏற்ற முடியாது. வரி கட்டுகிறவர் கணக்குக் கேட்பது வம்பும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது:

1. உங்கள் வீட்டுப் பக்கத்தைத் திறந்து சதுர அடி, குளியலறை எண்ணிக்கை, கட்டிய வருஷம் எல்லாவற்றையும் சரிபாருங்கள்.

2. மனுவில் இரண்டு காரணங்களையும் குறியுங்கள். ஒன்று, சந்தை மதிப்பைவிட அதிகம் என்பது. இன்னொன்று, ஒத்த வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை என்பது. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

3. கடைசி நாள் மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய தேதியிலிருந்து 30 நாள். இரண்டில் எது பிந்தியதோ அது.

4. விலக்குக்கு விண்ணப்பிக்கப் பணம் கேட்டு வரும் கடிதங்களை நம்பாதீர்கள். அலுவலகத்தில் அது இலவசம்.

5. உங்கள் தெருவில் அதே மாதிரி வீடு யாருடையது என்று பாருங்கள். போய்க் கதவைத் தட்டுங்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சனிக்கிழமை நானும் மகளும் உட்கார்ந்து இரண்டு விண்ணப்பமும் எழுதிக்கொடுத்தோம். கையெழுத்துப் போடும்போது அவர் கேட்டார், "இது என் வீட்டிலும் தவறு என்று அவர்களுக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று. தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் காபி போட எழுந்து போனார்.

மற்ற இரண்டு வீட்டுக்கும் நாளை மாலை போகிறேன். அதோடு, அதே வரைபடத்து வீடுகள் எல்லாவற்றையும் திருத்தச் சொல்லி அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன். மகள் ஆங்கிலம் திருத்தித் தந்திருக்கிறாள். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். வராவிட்டாலும் போடுகிறேன்.

தேவைப்படுகிறவர்களுக்குப் பகிருங்கள்.