மார்க் போடும் கைக்கும் மனசாட்சி வேண்டும்!

நான் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கரையாம்புத்தூரில் வசிக்கும் ஒரு குடும்பத் தலைவி. பத்தாவது வரை படித்தவள். வீடு, மாடு, பிள்ளைகள், அடுப்படி என்று இருப்பவள். இந்தப் பகுதிக்கு இதுவரை எழுதியதில்லை. மனதில் ஒரு முள் குத்திக்கொண்டே இருக்கிறது. அதை எடுத்துப்போடத்தான் இன்று பேனாவைப் பிடித்தேன்.

சென்ற பொங்கலுக்கு எங்கள் தெருவில் கோலப் போட்டி நடந்தது. நான் முன்பு இரண்டு தடவை பரிசு வாங்கியவள் என்பதால், "நீங்க இந்த வருஷம் கோலம் போட வேணாம், மார்க் போடுங்க" என்று என்னை நடுவராக்கி விட்டார்கள். மொத்தம் மூன்று நடுவர்கள். ஆளுக்குப் பத்து மார்க். கையில் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்ததும் எனக்கு ஏதோ பெரிய அதிகாரி ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

போட்டியில் என் நாத்தனார் மகளும் இருந்தாள். ஆறாவது படிக்கிற பிள்ளை. கலர்ப்பொடியில் தாமரையும் பொங்கல் பானையும் போட்டிருந்தாள். பரவாயில்லாத கோலம்தான். நாலு கட்டம் தள்ளி ஒரு பெண் 15 புள்ளி, 8 முடிய ஊடுபுள்ளி வைத்து சிக்குக் கோலம் போட்டிருந்தாள். கலர் இல்லை. வெறும் வெள்ளை மாவு. கம்பி எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று கண்ணால் தேடினாலும் கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தம்! ஆனால் அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் தண்ணீர்க் குழாயடியில் ஒரு சண்டை நடந்து, ஆறு மாதமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

என் நாத்தனார் மகளுக்கு 9 போட்டேன். அந்தப் பெண்ணுக்கு 5 போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது நான் அநியாயம் செய்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. "கலர் இல்லையே, பொங்கலுக்கு ஏற்ற மாதிரி இல்லையே" என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மனசு எவ்வளவு சாமர்த்தியமாகப் பொய் சொல்கிறது பாருங்கள்!

மற்ற இரண்டு நடுவர்களும் அந்தப் பெண்ணுக்கு 9, 8 என்று போட்டிருந்தார்கள். நாத்தனார் மகளுக்கு 7, 7. கூட்டிப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு 22, எங்கள் பிள்ளைக்கு 23. ஒரே ஒரு மார்க்கில் மூன்றாம் பரிசு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு எவர்சில்வர் சம்படம்.

கூட்டம் கலையும்போது அந்தப் பெண்ணின் சின்ன மகள், "ஏம்மா, நமக்குப் பரிசு இல்லை?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. "கோடு ஒரு இடத்துல கோணலாப் போச்சு கண்ணு" என்றாள். சகோதரிகளே, அந்தக் கோடு எங்கேயும் கோணவில்லை. கோணியது என் மனசுதான்.

அன்று ராத்திரி தூக்கமே இல்லை. அடுத்த வாரம் ஒருநாள் ஒன்பதாவது படிக்கும் என் மகள் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். வழுவழுவென்று ஐஸ் பரப்பிய தரையில், கத்தி வைத்த ஷூ போட்டுக்கொண்டு ஒரு பெண் பம்பரமாகச் சுற்றினாள். ஃபிகர் ஸ்கேட்டிங்காம். "அம்மா, இவங்களுக்கும் உன்னை மாதிரி ஆளுங்க உட்கார்ந்து மார்க் போடறாங்க. அங்கேயும் பெரிய தகராறு நடந்திருக்கு" என்றாள். உன்னை மாதிரி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் நானும் மகளும் சேர்ந்து அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தோம். தெரிந்துகொண்டதை உங்களிடமும் பகிர்ந்துகொள்கிறேன்.

ஓட்டப் பந்தயத்தில் நடுவர் மனசுக்கு அதிக வேலை இல்லை. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தார். வயிறு எரிந்தது, ஆனால் சொன்னது கடிகாரம். கடிகாரத்துக்கு நாத்தனாரும் கிடையாது, குழாயடிச் சண்டையும் கிடையாது. மனிதக் கண்ணால் மார்க் போடும் போட்டிகள் அப்படி இல்லை.

நம் நாட்டுப் பெண் ஒருத்திக்கு நடந்ததைக் கேளுங்கள். மணிப்பூரைச் சேர்ந்த குத்துச்சண்டை வீராங்கனை எல். சரிதா தேவி. 2014-ல் தென் கொரியாவின் இன்சியான் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது அவர் ஒரு சின்னக் குழந்தையின் தாய். பிள்ளை பெற்ற உடம்பைத் திரும்பத் தேற்றிக்கொண்டு களத்தில் இறங்கியவர். 60 கிலோ பிரிவு அரையிறுதியில் அந்த நாட்டு வீராங்கனை பார்க் ஜி-னாவோடு மோதினார். பார்த்தவர்களில் பலரும் சரிதாதான் ஜெயித்தார் என்றே நினைத்தார்கள். தீர்ப்பு 0-3. ஒரு நடுவர்கூட அவர் பக்கம் இல்லை. 500 டாலர் கட்டி முறையீடு செய்தார்கள். நடுவர் தீர்ப்பை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை என்று தள்ளிவிட்டார்கள்.

மறுநாள் பரிசளிப்பு மேடையில் சரிதா தேம்பித் தேம்பி அழுதார். வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் போட விடாமல் கையில் வாங்கி, தன்னை வென்றதாக அறிவிக்கப்பட்ட அந்தக் கொரியப் பெண்ணின் கழுத்திலேயே போட்டுவிட்டார். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? சரிதா மன்னிப்புக் கேட்டும், சர்வதேச குத்துச்சண்டைச் சங்கம் அவருக்கு ஓராண்டு தடையும் அபராதமும் விதித்தது. மேடையில் அப்படிச் செய்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். ஜெயித்த பெண் என்ன பாவம் செய்தாள், அவளைச் சங்கடப்படுத்தியது தப்புதான் என்று நானும் சொல்வேன். ஆனால் முறையிட ஒரு வாசலும் இல்லாமல் அடைத்துவிட்டு, அழுதவளுக்கு மட்டும் தண்டனை கொடுப்பது என்ன நியாயம்?

அதே சங்கத்தின் நடுவர்கள் மீது பிறகும் புகார் வந்தது. 2016 ரியோ ஒலிம்பிக் குத்துச்சண்டைகளில் தீர்ப்புகள் திரிக்கப்பட்டன என்று 2021-ல் ஒரு விசாரணை அறிக்கை சொன்னது. அது சரிதாவின் சண்டையைப் பற்றிய விசாரணை அல்ல. ஆனாலும் வீராங்கனை அழும்போது 'தோற்றவள் அப்படித்தான் சொல்வாள்' என்று தட்டிவிடக் கூடாது என்பதற்கு அது ஒரு பாடம். 2023-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்துவிட்டது.

இப்போது அந்த ஐஸ் கதைக்கு வருகிறேன். 2002-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக். ஜோடி ஸ்கேட்டிங்கில் ரஷ்ய ஜோடிக்குத் தங்கம், கனடா ஜோடிக்கு வெள்ளி என்றார்கள். பிறகு பார்த்தால் பிரான்ஸ் நாட்டுப் பெண் நடுவர், ரஷ்யாவுக்குப் போடச் சொல்லித் தன் நாட்டுச் சங்கமே நெருக்கியதாகச் சொன்னார். (பிற்பாடு அவரே அதை மாற்றியும் பேசினார்.) உலகமே சிரித்தது. கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் கொடுத்தார்கள். நடுவருக்கும் சங்கத் தலைவருக்கும் மூன்று வருடத் தடை. எங்கள் புதுச்சேரியை ஆண்ட பிரான்சுக்காரர் வீட்டிலும் குழாயடி அரசியல் உண்டு போலிருக்கிறது!

அதற்குப் பிறகுதான் 6.0 என்று முழு மார்க் போட்டுவந்த பழைய முறையை விட்டுவிட்டு, 2004-ல் புது முறைக்கு மாறினார்கள். ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் தனி மதிப்பு. அழகுக்கும் பாவனைக்கும் தனி மார்க். பெரிய போட்டிகளில் ஒன்பது நடுவர்கள். அதில் ஒவ்வொன்றுக்கும் மிக அதிகமாகப் போட்டவர் மார்க்கையும், மிகக் குறைவாகப் போட்டவர் மார்க்கையும் தள்ளிவிட்டு, மீதியைத்தான் சராசரி எடுப்பார்களாம்.

இதைப் படித்ததும் என் கோலப் போட்டிக் கணக்கை அதே மாதிரி போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு 9, 8, 5. மேலேயும் கீழேயும் தள்ளினால் நிற்பது 8. எங்கள் பிள்ளைக்கு 9, 7, 7. நிற்பது 7. என் ஓரவஞ்சனை அப்படியே உதிர்ந்து போய், பரிசு உரியவள் வீட்டுக்குப் போயிருக்கும்! ஒரு சின்னக் கணக்கு ஒரு கெட்ட மனசைத் தடுத்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் கணக்கு மட்டும் போதாது என்பதையும் அதே விளையாட்டு காட்டுகிறது. 2014-ல் ரஷ்யாவின் சோச்சியில் பெண்கள் பிரிவில் தென் கொரியாவின் யூனா கிம், ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா இருவருக்கும் போட்டி. முதல் நாள் கிம் 74.92, சோட்னிகோவா 74.64. கடைசியில் மொத்தம் சோட்னிகோவா 224.59, கிம் 219.11. சொந்த ஊர்ப் பெண்ணுக்கே தங்கம். நடுவர்களில் ஒருவர் ரஷ்ய ஸ்கேட்டிங் சங்கத்தில் உயர் பொறுப்பில் இருந்தவரின் மனைவி. இன்னொருவர் 1998-ல் நடந்த ஒரு தீர்ப்புத் தில்லுமுல்லுக்காக ஒரு வருடம் நிறுத்தி வைக்கப்பட்டவர். கேட்டதும் கொதிக்கிறது அல்லவா? எனக்கும் கொதித்தது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த ரஷ்யப் பெண் மூன்று சுற்றுத் தாவல்கள் ஏழு செய்தாள், கிம் ஆறு செய்தார். அவள் நிஜமாகவே தன் உழைப்பில் ஜெயித்திருக்கலாம். கொரியாவின் முறையீட்டையும் ஏற்கவில்லை. ஆனால் அந்த உறவுக்கார நடுவர் அங்கே உட்கார்ந்ததால், அவள் கழுத்தில் விழுந்த தங்கத்தின் மீது இன்றுவரை சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓரவஞ்சனை தோற்றவளை மட்டும் கெடுப்பதில்லை, ஜெயித்தவளையும் கெடுக்கிறது. என் நாத்தனார் மகளின் எவர்சில்வர் சம்படத்தை நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளில் யார் எந்த மார்க் போட்டார் என்பதை வெளியே சொல்வதும் இல்லையாம். பெயர் தெரியாவிட்டால் நடுவரை யாரும் மிரட்ட முடியாது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் மறைவில் தப்பு செய்வதும் சுலபம்தானே? 2016-ல் அந்த மறைப்பை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்.

இதெல்லாம் ஒலிம்பிக் சமாச்சாரம், நமக்கென்ன என்று எண்ணாதீர்கள் சகோதரிகளே. பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டி, பரதநாட்டியம், பேச்சுப் போட்டி, சமையல் போட்டி... எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். அங்கே மார்க் போடுகிற நாற்காலியில் நம்மைப் போன்றவர்களும் உட்காருகிறோம். போட்டி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவைதான்.

பெயருக்குப் பதில் சீட்டுக் குலுக்கி எண் கொடுங்கள். போட்டவர்கள் தள்ளிப் போன பிறகு நடுவர்களை அழைத்து வாருங்கள். சொந்தக்காரர் போட்டியிட்டால் நடுவர் தானாகவே எழுந்து விடட்டும். மனஸ்தாபம் உள்ளவரும் அப்படியே. கோலம் என்றால் புள்ளி, கம்பி, கற்பனை, நிறம் என்று மார்க்கைப் பிரித்துக் கொடுங்கள். ஐந்து நடுவர்களை வைத்து மேல் மார்க், கீழ் மார்க் இரண்டையும் தள்ளுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று மைக்கில் வாசியுங்கள். என் 5-ஐ அன்று மைக்கில் வாசித்திருந்தால் அதைப் போட என் கை நடுங்கியிருக்கும். யாராவது சந்தேகம் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

தோற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோல்வி எல்லாமே சதி அல்ல. ஒரே கோலத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக ரசிப்பது இயற்கை. பிள்ளை தோற்று வந்தால் உடனே நடுவரைத் திட்டினால், அது உழைப்பை விட்டுவிட்டுக் காரணம் தேடக் கற்றுக்கொள்ளும். நிஜமாகவே அநியாயம் என்றால் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து நான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். என் கணவர், "எதுக்கு வீண் வம்பு, தங்கச்சி காதுக்குப் போனா பிரச்சினை" என்றார். போய், நடந்ததைச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. முறத்தில் இருந்த உளுந்தைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. ஆனா என் பொண்ணு கோலம் போடுறதையே விட்டுட்டா, அதுதான் கஷ்டமா இருக்கு" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது அந்தக் குழந்தை சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து என் மகளோடு ஊடுபுள்ளி வைக்கிறாள். ஏழு புள்ளிதான் ஆகியிருக்கிறது. என் நாத்தனாருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசுவார்.

அடுத்த பொங்கலுக்கும் என்னை நடுவராக இருக்கச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் மேலே சொன்ன விதிகளை எழுதி ஒட்டினால்தான் பேனாவைத் தொடுவேன். உங்கள் ஊரில் எப்படி மார்க் போடுகிறார்கள்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்களேன் தோழியரே!

– ஒரு வாசகி, கரையாம்புத்தூர்.
(பரிசு வாங்கிய குழந்தையின் மனசு நோகக் கூடாது என்பதால் என் பெயரைப் போட வேண்டாம். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.)